ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குன்னூரில் என் பட்டறைக் கதவைத் திறக்கும்போதே வாசலில் ரெக்கவரி வண்டி நின்றது. அதன் மேல் 1971-ஆம் வருட எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார். இடது முன்சக்கரம் உள்ளே மடிந்திருந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது, பர்லியாருக்கும் மரப்பாலத்துக்கும் இடையே ஒரு வலது வளைவில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தும் வண்டி திரும்பாமல் நேரே போய் இடது ஓர வாய்க்காலில் இறங்கிவிட்டது. நல்லவேளை, அது மலைப்பக்கம். ஓட்டி வந்த கோவைத் தம்பிக்குத் தோளில் பெல்ட் அழுத்திய சிராய்ப்போடு போயிற்று. பள்ளத்துப் பக்கமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

சக்கரத்தைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது. ஸ்பிரிங்கின் கீழ்முனையில் கிரைண்டர் ஓடிய தடம். சூட்டில் நீலம் பாய்ந்த விளிம்பு. ஒன்றரைச் சுற்றைக் காணோம். வெட்டிய முனை கீழ்த்தட்டில் சமமாக உட்காராமல் ஒரு பக்கமாகவே நெருடி, தட்டில் பிறை மாதிரி ஒரு பள்ளம் விழுந்திருந்தது. சக்கரம் ஓர் அளவுக்கு மேல் எழாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இரண்டாகப் பிளந்து கிடந்தது. கீழே சமவெளியில் ஒரு கடையில் செய்து கொடுத்த வேலை. இந்த சீசனில் இப்படி என்னிடம் வருவது இது மூன்றாவது வண்டி.

"தாழ இருந்தாத்தானுங்ணா வண்டி ரோட்டப் புடிக்கும்?" என்று கேட்டார் தம்பி.

இருபத்தேழு வருடமாக இதே கேள்வி. ரோட்டைப் பிடிப்பது டயர். உள்ளங்கை அளவு ரப்பர், நான்கு இடத்தில், அவ்வளவுதான். அந்த ரப்பர் தரையை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஸ்பிரிங்குக்கும் ஷாக் அப்சார்பருக்கும் வேலை. மேசை மாதிரி வழவழப்பான பந்தயப் பாதையில் கடினமான ஸ்பிரிங் சரி. நம் ரோட்டில்? வளைவின் உள்பக்கம் மழை அரித்த குழி, அதையொட்டி ஒட்டுப்போட்ட தார், கொஞ்சம் தள்ளி வேகத்தடை. சக்கரம் குழியில் இறங்கி ஏற இடம் வேண்டும். கடினமான ஸ்பிரிங் இருந்தால் சக்கரம் இறங்கி ஏறாது, துள்ளும். துள்ளுகிற நேரத்தில் டயர் காற்றில் இருக்கிறது. காற்றில் இருக்கும் டயர் எதைப் பிடிக்கும்?

வெட்டும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். சுற்று குறைந்தால் ஸ்பிரிங் கடினமாகும். வேலை செய்யும் சுற்று எட்டு இருந்து ஒன்றை எடுத்தால் ஏழில் ஒரு பங்கு கடினம் கூடிவிடும். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பெரிய கேடு, வண்டி தாழ்ந்துவிட்டதால் சக்கரம் மேலே போவதற்கு இருந்த இடமே போய்விடுகிறது. வளைவில் வெளிப்பக்க முன்சக்கரத்தின் மேல் எடை சாய்கிறது, ஸ்பிரிங் அமுங்குகிறது, சட்டென்று பம்ப் ஸ்டாப்பில் முட்டுகிறது. முட்டிய நொடியிலிருந்து அந்தச் சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுமை திடீரென்று அந்த ஒரு டயரில் இறங்க, அது வழுக்கும். அப்புறம் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் மூக்கு திரும்பாது. மரப்பாலத்துக்குக் கீழே நடந்தது இதுதான். வேகம் நாற்பதுகூட இல்லை என்கிறார், நான் நம்புகிறேன்.

"ஆனா வண்டி சாயுதுங்ணா" என்றார். கொஞ்சம் சாயட்டும், சாய்வதால் பிடி போய்விடாது. சாய்வைக் குறைத்தே ஆகவேண்டும் என்றால் முன்பக்கம் சற்றுத் தடித்த ஆன்ட்டி ரோல் பார், அதாவது இரண்டு முன்சக்கரத்தையும் குறுக்கே இணைக்கும் கம்பி, போடலாம். நேர் ரோட்டில் இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறி இறங்கும்போது அது குறுக்கே வராது. அதையும் கடைசியில்தான் செய்ய வேண்டும். ஏனென்றால் வண்டி படகு மாதிரி ஆடுகிறது என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஸ்பிரிங்கைக் குறை சொல்கிறார்கள், செத்துப்போயிருப்பதோ ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக்.

எம்.ஜி.பி.யில் இருப்பது குழாய் மாதிரி ஷாக் அல்ல, நெம்புகோல் ஷாக். முன்பக்கம் அதன் கையே சக்கரத்தைத் தாங்கும் மேல் கையும் ஆகிறது. இந்த வண்டியில் மூடியைத் திறந்து ஒரு கம்பியை விட்டுப் பார்த்தேன், நுனியில் எண்ணெய் ஒட்டவே இல்லை. கையைக் கழற்றி மேலும் கீழும் அசைத்துப் பார்க்கச் சொன்னேன். தேனில் கரண்டியை இழுப்பது போல முழு வீச்சிலும் ஒரே சீராக இறுக வேண்டும். தம்பி அசைத்தார், பாதி தூரம் சும்மா வந்தது. அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். இதற்கென்று ஷாக் ஆயில் இருக்கிறது, அதைத்தான் ஊற்ற வேண்டும். கையில் கிடைத்த எஞ்சின் ஆயிலை ஊற்றாதீர்கள். தண்டுப் பக்கம் ஒழுகினால் ஊற்றிப் பிரயோஜனமில்லை, ரீகண்டிஷன் செய்யக் கொடுங்கள்.

டயர். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடுவதில்லை, அதனால் பட்டன் தேயாது. பட்டன் இருக்கிறதே என்று காட்டுகிறார்கள். ஓரத்தில் நான்கு இலக்கம் இருக்கும், அதைப் படியுங்கள்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். தம்பியின் டயரில் 2309. 2009-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது. நகத்தால் அழுத்தினால் இறங்கவில்லை, ரப்பர் கல்லாகிவிட்டது. ஐப்பசி மழையில் சில்வர் ஓக் இலை ஒட்டிக் கிடக்கும் ரோட்டில் அது சோப்புக்கட்டிதான். காற்றும் பங்கில் சொன்னபடி நாலுக்கும் 35 அடித்திருந்தார். இந்த வண்டியின் கையேடு சொல்வது முன்னால் 21, பின்னால் 24. காலையில் வண்டியை எடுக்கும் முன் அளந்து சரிசெய்ததிலேயே பாதி குலுக்கல் போனதாக எத்தனையோ பேர் வந்து சொல்லியிருக்கிறார்கள்.

சக்கரக் கைகளின் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் மாற்றுகிற மெக்கானிக் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது அந்தக் கையைப் பிடிக்கும் கைப்போல்ட்டை முறுக்கி முடிக்காதீர்கள். தொங்குகிற நிலையிலேயே ரப்பர் பிடித்துக்கொள்ளும். தரைக்கு இறக்கியதும் முறுக்கேறியே நிற்கும், சில மாதத்தில் கிழியும். நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி, வண்டியை இரண்டு தரம் அமுக்கி விட்ட பிறகுதான் கடைசி முறுக்கு. பாலியூரிதேன் புஷ் கேட்டால் போடலாம், ஆனால் சிலிக்கான் கிரீஸ் வைக்காமல் போட்டால் கிரீச் கிரீச் என்று கத்தும், சவாரியும் கட்டையாகும்.

முன்சக்கரம் திரும்பும் தண்டான கிங் பின்னுக்கு ஒரு பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடியுங்கள், முன்சக்கரங்களைத் தூக்கி வைத்துக்கொண்டு அடியுங்கள். ஓடவே இல்லையென்றாலும் வருடம் ஒருமுறை.

நீலகிரியில் இன்னும் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். சென்னையில் 1961 முதல் செய்த வண்டி. அதே சேசிஸைக் குறுக்கித்தான் இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் முன்சக்கரம் திரும்பும் கீழ்மூட்டான ட்ரனியனில் கிரீஸ் வேண்டாம், இ.பி. 90 கியர் ஆயில் ஏற்றுங்கள். அந்த மரை காய்ந்து துருவேறினால் ஒருநாள் முறியும், சக்கரம் மடியும். பின் ஆக்சிலின் அமைப்பும் வேறு: வளைவுக்கு நடுவே ஆக்சிலேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் பின்சக்கரம் உள்ளே மடங்கி, வால் வீசும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, ஒன்றில்கூட இதை மறக்காதீர்கள்.

முதலில் வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். அலைன்மென்ட் பார்த்து ஒரு மாதம் ஓட்டுங்கள். அதற்கப்புறமும் குறை இருந்தால் வாருங்கள், பேசுவோம். நான் பார்த்தவரை, அப்படித் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலர்.

எம்.ஜி.பி. இன்னும் என் பட்டறையில்தான் இருக்கிறது. புது ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் சொல்லியாயிற்று, ஷாக் நான்கையும் கழற்றி ரீகண்டிஷனுக்கு அனுப்பியாயிற்று. தாத்தா ஓட்டிய வண்டி, அப்போது எப்படி ஓடியதோ அப்படி ஓடினால் போதும் என்கிறார் தம்பி இப்போது. சனிக்கிழமைதோறும் ஏறி வருகிறார், பஸ்ஸில். ஸ்பிரிங் வந்து வண்டி தரையில் நின்றதும், கைப்போல்ட்டின் கடைசி முறுக்கை அவரையே முறுக்கச் சொல்லியிருக்கிறேன்.