கொக்பிட்: சேவற்களத்திலிருந்து விமானம் வரை

வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் மருமகனோடு இருந்து சேவற்சண்டையைப் பற்றிய 'ஆடுகளம்' படம் பார்த்தேன். அவனுக்குப் பதின்மூன்று வயது. சேவல்களை மோதவிடுகிற இடத்துக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர் என்று போனில் தேடிவிட்டு, "மாமா, கொக்பிட் எண்டு கிடக்கு. அது பிளேனில பைலட் இருக்கிற இடமெல்லோ?" என்றான்.

இரண்டும் சரிதான். கொக் என்றால் சேவல், பிட் என்றால் குழி. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் சேவல்களை மோதவிட்ட வட்டமான பள்ளத்துக்கு இதுதான் பெயர். எட்டாம் ஹென்றி மன்னர் லண்டனில் தன் அரண்மனையிலேயே ஒன்று கட்டுவித்தார். 1835இல் அந்நாட்டுச் சட்டம் இந்தச் சண்டையைத் தடைசெய்தது. ஆனால் சொல் அதற்கு எத்தனையோ காலம் முன்பே கப்பலேறிவிட்டது.

உண்மையாகவே கப்பலில்தான் ஏறியது. போர்க்கப்பலின் அடித்தட்டில், வெளிச்சம் எட்டாத ஒடுக்கமான பகுதியைக் கொக்பிட் என்றார்கள். சண்டை நேரத்தில் காயப்பட்டவர்களை அங்கேதான் இறக்குவார்கள், கை கால்களை அறுத்தெடுப்பதும் அங்கேதான். 1805 ஒக்டோபர் 21 அன்று டிரபல்கர் கடற்போரில் சுடப்பட்ட ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி நெல்சனையும் அங்கே தூக்கிப்போனார்கள், உயிர் போனதும் அங்கேதான். பிறகு சிறு படகுகளில் சுக்கான் பிடிப்பவர் இறங்கி நிற்கும் பள்ளத்துக்கு அந்தப் பெயர் வந்தது. முதலாம் உலகப்போர்க் காலத்து விமானங்களில் விமானி, மேலே கூரையில்லாத ஒரு குழிக்குள் தலை மட்டும் வெளியே தெரிய உட்கார்ந்திருப்பார். அதற்கும் அதுவே பெயராயிற்று.

சரி, தமிழில்? விமானத்துக்கு 'விமானி அறை' போதும். செய்தித்தாள்களில் பழகிய சொல். சேவற்சண்டை நடக்கும் இடத்துக்குச் 'சேவற்குழி' என்று யாராவது பெயர்த்தால் எனக்கு மனம் ஒப்பாது. நம்மிடம் குழி இல்லை, களம்தான். போர்க்களம், நெற்களம் மாதிரி சேவற்களம். 'ஆடுகளம்' இன்னும் ஆழமான சொல். ஆடுதல் விளையாட்டு மட்டுமல்ல, பழந்தமிழில் 'ஆடு' என்றால் வெற்றி. சண்டைக்குச் சேவற்கட்டு என்றும் பெயர் உண்டு. யாழ்ப்பாணப் பேச்சில் சேவல் 'சாவல்' ஆகிவிடும்.

விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில், சண்டையில் செத்த சேவலுக்கு எழுப்பிய நடுகல்லே இருக்கிறது. இன்று இலங்கையில் சேவற்சண்டை சட்டப்படி குற்றம். அது சரியென்றே நினைக்கிறேன். ஆனால் அதன் சொற்களை இழக்க மாட்டேன்.

குறுந்தொகை 305ஆம் பாட்டில் தலைவி தன் காம நோயை "குப்பைக் கோழித் தனிப்போர் போல" என்கிறாள். அந்த உவமையே புலவருக்குக் குப்பைக்கோழியார் என்று பெயராகிவிட்டது. அதற்கு முந்தைய அடியைப் பாருங்கள்: "உய்த்தனர் விடாஅர் பிரித்திடை களையார்". மோதவிடுவாரும் இல்லை, இடையில் புகுந்து பிரிப்பாரும் இல்லை. குப்பைமேட்டில் தாமாகவே மோதும் கோழிகள், செத்தால்தான் சண்டை ஓயும். அப்படியானால் விடுவதற்கும் பிரிப்பதற்கும் ஆள் நின்ற களங்களை அந்தப் புலவர் பார்த்திருக்கிறார். களத்துக்கும் குப்பைமேட்டுக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஆள்தான்.

2011இல் வந்த அந்தப் படத்தில் சேவல் விடுகிற மூத்தவர் பேட்டைக்காரனாக நடித்தவர் நம் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன் (குரல் மட்டும் ராதாரவியுடையது). அந்த நடிப்புக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பும் கிடைத்தது. களத்தில் சேவல்களை விடவும் பிரிக்கவும் தெரிந்த அந்த மனிதருக்கும் அவருடைய சீடன் கருப்புக்கும் பகை மூண்டபோது பிரித்துவிட ஒருவரும் இல்லை. மருமகனுக்கு அந்த இரண்டடியைச் சொன்னேன். போனைக் கீழே வைத்துவிட்டு, "திரும்பச் சொல்லுங்கோ மாமா" என்றான்.