வாரத்தின் மற்ற 167 மணி நேரம்

பாலியல் துன்புறுத்தலுக்கோ அடி உதைக்கோ ஆளான பிள்ளையை என்னிடம் அழைத்து வருபவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை சிட்டிங்ல சரியாகும் மேடம்?" என்பதைத்தான். நியாயமான கேள்வி. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே நன்கு ஆராயப்பட்ட சிகிச்சை முறைகள் இருக்கின்றன. அதிர்ச்சியை மையப்படுத்திய அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை அவற்றில் முக்கியமானது; நடந்ததைப் பற்றிய எண்ணங்களையும் பயத்தையும் பேசிக் கையாளப் பழக்கும் முறை அது. வழக்கமாக 12 முதல் 16 அமர்வுகள். அதில் கணிசமான பங்கு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ, யார் வளர்க்கிறார்களோ அவர்களுக்கு. பலன் இருக்கிறது. ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஒரு மணி நேரம்தான் பிள்ளை என் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். மிச்சமுள்ள 167 மணி நேரமும் வீட்டில், வகுப்பில், மாடிப்படியில், வேனில், மைதானத்தில், உறவினர் வீட்டில்.

அங்கே அவளைச் சுற்றி இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அத்தை, வகுப்பாசிரியர், வேன் ஓட்டுநர், டியூஷன் மிஸ், தோழியின் அம்மா, எதிர்வீட்டுப் பெரியவர். "எங்களால் என்ன முடியும், அதெல்லாம் டாக்டர்கள் வேலை" என்று ஒதுங்கிக்கொள்பவர்கள் இவர்கள்தான். ஒதுங்குவதில் தப்பெண்ணம் எதுவும் இல்லை, பயம்தான். ஏதாவது சொல்லிக் காயப்படுத்திவிடுவோமோ என்ற பயம்.

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, பெற்றோரின் குடி, மனநோய், ஓயாத சண்டை எனப் பல சுமைகளோடு வளர்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்றாகவே தலையெடுத்திருந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்டவற்றில் ஒன்று, விலகாமல் கூடவே நின்ற ஒரு பெரியவர். அது பெற்றோராகவே இருக்க வேண்டும் என்று இல்லை. தாத்தா பாட்டியாக, ஆசிரியராக, பக்கத்து வீட்டுக்காரராக இருந்திருக்கிறார்கள். துன்புறுத்தலை மட்டும் ஆராய்ந்த ஆய்வு இல்லை இது. ஆனாலும் என் அறையில் நான் பார்ப்பதோடு ஒத்துப்போகிறது. சீக்கிரம் தேறுகிற பிள்ளைகளின் பேச்சில் அப்படி ஒரு பெயர் திரும்பத் திரும்ப வரும்.

பதினோரு வயதுச் சிறுமி ஒருத்தி. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். இந்தக் கட்டுரையில் வரும் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.) விஷயம் வெளியே வந்து, செய்தவர் கைதாகி, அவள் பள்ளிக்குத் திரும்புகிறாள். கிளாஸ் டீச்சர் தங்கமானவர். தன் பார்வையிலேயே இருக்கட்டும் என்று முதல் பெஞ்சுக்கு மாற்றினார். ஹோம்வொர்க் முடிக்காவிட்டாலும் பரவாயில்லை என்றார். ஆண்டு விழா நடனத்திலிருந்து அவள் பெயரை எடுத்துவிட்டார், "இப்போ அவளுக்கு எதுக்கு டென்ஷன்?" என்று. மூன்றும் அன்பினால் செய்தவை. அந்த வாரம் என்னிடம் வந்தவள் கேட்டாள்: "நான் என்ன தப்பு செஞ்சேன்னு டான்ஸ்லருந்து தூக்கிட்டாங்க?"

துன்புறுத்தப்பட்ட பிள்ளைகளில் பலர், நடந்ததற்குத் தாங்கள்தான் காரணம் என்று ஏற்கெனவே உள்ளுக்குள் முடிவு கட்டியிருப்பார்கள். செய்தவர் அப்படித்தான் நம்ப வைத்திருப்பார். அதனால் வழக்கத்தில் என்ன மாற்றம் வந்தாலும், அதற்கான காரணத்தைத் தேடி அவர்கள் தங்களிடமே வந்து நிற்பார்கள். விளையாட அனுப்பாவிட்டால் அது தண்டனை. வீட்டில் எல்லோரும் தாழ்ந்த குரலில் பேசினால் அது தன்னால் வந்த கேடு. நடனம், கிரிக்கெட், தோழியின் பிறந்தநாள், ஹோம்வொர்க் எல்லாம் முன்பு போலவே இருக்கட்டும். ஹோம்வொர்க்கும்தான். மற்றவர்களிடம் கேட்பதை அவளிடம் கேட்காமல் விட்டால், "உன்னால் இனி முடியாது" என்று அவளுக்குக் கேட்கும்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் அவளையே கேட்டுவிடுங்கள். அந்த டீச்சரை அழைத்துப் பேசினேன். மறுநாள், "உனக்கு எங்கே உட்கார்ந்தா வசதியா இருக்கும்?" என்று கேட்டிருக்கிறார். அவள் தேர்ந்தெடுத்தது சுவரை ஒட்டிய கடைசி பெஞ்ச். தனக்குப் பின்னால் யாரும் இல்லாத இடம். பெரியவர்கள் யாருக்கும் அது தோன்றியிருக்காது. அவளுடைய உடம்பின் மேல் அவளுக்கு இருந்த உரிமையை ஒருவர் பறித்தார்; அது ஒரே நாளில் திரும்பி வராது. எந்த பெஞ்ச், கதவு திறந்திருக்கட்டுமா மூடட்டுமா, இன்றைக்குப் பேசலாமா வேண்டாமா என்று சின்னச் சின்ன விஷயங்களில்தான் திரும்பி வரும்.

தொடுவதும் அப்படித்தான். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வரிசையில் நிற்கும்போது பி.டி. மாஸ்டர் பின்னாலிருந்து வந்து தோளில் தட்டினார். எல்லோரையும் அப்படித்தான் தட்டுவார். இவன் துள்ளி விலகி, கீழே விழுந்து, முகத்தை மறைத்துக்கொண்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். உடம்புக்கு இதில் யோசிக்கவே நேரம் இல்லை. ஆபத்தோடு சேர்ந்து பதிந்த ஓசையோ வாடையோ வந்ததும் அது முந்திக்கொள்ளும். பெல்ட் கழற்றும் சத்தம், ஒரு குறிப்பிட்ட சென்ட், சாராய நெடி, மூடிய கதவு. பிள்ளையைத் திட்டியோ சமாதானம் சொல்லியோ அதை நிறுத்த முடியாது. முன்னால் வந்து, சற்றுத் தள்ளி, அவன் உயரத்துக்குக் குனிந்து பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். "நான்தான், மாஸ்டர். நாம கிரவுண்ட்ல இருக்கோம். இப்ப யாரும் உன்னை ஒண்ணும் பண்ணல." தண்ணீர் கொடுங்கள். சுற்றி நிற்கும் கூட்டத்தைக் கலையுங்கள். கொஞ்சம் நிதானம் வந்ததும் மறுபடி ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையிலிருந்து முன்னால் வந்து கூப்பிட்டால் போதும். பாட்டிகளுக்கும் இதே வேண்டுகோள்தான்: கட்டிப்பிடிப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேளுங்கள். வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது கேள்விகள். "என்னதான்மா நடந்துச்சு?" என்று உறவினர்கள் ஒவ்வொருவராகக் கேட்பார்கள். அக்கறை பாதி, ஆர்வம் பாதி. பழியாக இதைச் சொல்லவில்லை, மனித இயல்பு. ஆனால் ஒரே கேள்வியைப் பலர் கேட்டால் சிறு பிள்ளைகள், முதலில் சொன்ன பதில் தப்போ என்று நினைத்துப் பதிலை மாற்றிவிடுவார்கள். அந்த மாற்றம் பின்னால் வழக்கில் அவர்களுக்கு எதிராகவே நிற்கும். பிள்ளை திரும்பத் திரும்பச் சொல்ல நேரக்கூடாது என்பதற்காகவே ஐஸ்லாந்து 1998இல், விசாரணை, மருத்துவப் பரிசோதனை, மனநல உதவி எல்லாவற்றையும் ஒரே வீட்டின் கூரைக்குக் கீழ் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் பல நாடுகள் அதைப் பின்பற்றுகின்றன.

நீங்கள் கேட்காமல் பிள்ளை தானாகச் சொன்னால், குறுக்கிடாமல் கேளுங்கள். "எங்கிட்ட சொன்னது நல்லது. உன் மேல எந்தத் தப்பும் இல்ல. உனக்கு உதவி செய்யறதுக்கு இதை இன்னார்கிட்ட சொல்லப் போறேன்." இதற்கு மேல் பேச வேண்டியதில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். ரகசியம் காக்கச் சொன்னவர் ஒருவர் ஏற்கெனவே இருந்திருக்கிறார். சொன்னதைச் சொன்ன வார்த்தைகளிலேயே அன்றே எழுதிவைத்து, குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் தெரிவித்துவிடுங்கள். நீங்களே துப்பறிய வேண்டாம்.

குடும்பம் இரண்டாகப் பிளப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். செய்தவர் முன்பின் தெரியாத ஆளாக இருப்பது குறைவு. பெரும்பாலும் சித்தப்பா, மாமா, அண்ணன், டியூஷன் சார், எல்லோரும் மதிக்கிற ஒருவர். முதல் வாரம் எல்லோரும் பிள்ளை பக்கம் நிற்பார்கள். போகப் போக, "அவருக்கும் குடும்பம் இருக்கு", "அவர் சம்பாத்தியம் நின்னா யார் பார்ப்பா?", "சின்னப் பொண்ணு ஏதோ தப்பா புரிஞ்சிருக்கும்" என்று பேச்சு திரும்பும். பிள்ளை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒரு நாள், "அப்படி எதுவும் நடக்கல, நான் பொய் சொன்னேன்" என்பாள். வீடே பெருமூச்சு விடும்.

2007இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, பாலியல் துன்புறுத்தல் வழக்குகளில் இடம்பெற்ற 257 பிள்ளைகளின் கோப்புகளைப் பார்த்தது. ஏறத்தாழ 23 சதவீதம் பேர் ஏதோ ஒரு கட்டத்தில் தாங்கள் சொன்னதை மறுத்திருந்தார்கள். வயதில் சிறியவர்களும், பெற்றோர் ஸ்தானத்தில் இருந்தவரால் பாதிக்கப்பட்டவர்களும், குற்றத்தில் தொடர்பில்லாத பெற்றோரின் ஆதரவு கிடைக்காதவர்களும்தான் அதிகம் மறுத்தவர்கள். ஆகவே, பிள்ளை பின்வாங்கிவிட்டாள் என்று காதில் விழுந்தால், வீட்டில் யார் என்ன பேசினார்கள் என்பதை முதலில் பாருங்கள். அந்த நேரத்தில் அம்மாவின் பக்கத்தில் ஒரு ஆள் உறுதியாக நின்றால் போதும், நிலைமை மாறிவிடும். பல அம்மாக்கள் பிள்ளையை நம்பாமல் கைவிடுவதில்லை. வாடகைக்கும் மாமியார் வாய்க்கும் தனியாக ஈடுகொடுக்க முடியாமல்தான் தளர்ந்துபோகிறார்கள்.

அந்த அம்மாவுக்கு நீங்கள் செய்யக்கூடியது நிறைய. நீதிமன்றம், மருத்துவமனை, என் அறை என்று அலையும் நாட்களில் இளையவனைப் பள்ளியிலிருந்து கூட்டி வரலாம். ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தனுப்பலாம். துணைக்குப் போய் வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். "ஏதாவது வேணும்னா கேளுங்க" என்பதைவிட, "செவ்வாய்க்கிழமை சின்னவனை நான் பார்த்துக்கறேன்" என்பது அவருக்குப் பயன்படும். அந்தச் சின்னவனையும் கவனியுங்கள். வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் அவனுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அவன் பாட்டுக்குப் படிப்பில் சரிவான், படுக்கையை நனைப்பான். எல்லோர் கண்ணும் அக்காவின் மேல் இருக்கும்.

செய்தவரைப் பிள்ளையின் முன்னால் சபிக்காதீர்கள். கோபம் நியாயமானதுதான். ஆனால் பையன்களும் பெண்களும் தங்களைத் துன்புறுத்தியவரை நேசித்திருக்கவும் கூடும். பி.டி. மாஸ்டர் தட்டியதில் விழுந்த அந்தப் பையன் ஒருமுறை என்னிடம் கேட்டது, "ஜெயில்ல அவருக்குக் குளிருமா?" என்று. அவனைத் துன்புறுத்தியவர்தான் அவனுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவரும். "அந்தப் பிசாசு செத்து ஒழியட்டும்" என்று வீட்டில் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்ததால், இந்தக் கேள்வியை அவனால் வேறு யாரிடமும் கேட்க முடியவில்லை. பையன்கள் விஷயத்தில் இன்னொன்றும் உண்டு: "ஆம்பளப் புள்ளைக்கு என்ன ஆயிடப்போகுது" என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம்.

அதேபோல், பிள்ளையின் காதுபட "வாழ்க்கையே போச்சே" என்று அழாதீர்கள். துன்புறுத்தலுக்கு ஆளான பிள்ளை உடலும் மனமும் தேறி மீண்டும் எல்லோரோடும் கலந்து வாழ அரசுகள் வழிசெய்ய வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமைகள் உடன்படிக்கை. அதன் 39ஆம் பிரிவு, பிள்ளை அப்படித் தேறிவரும் சூழல் அதன் ஆரோக்கியத்தையும் சுயமரியாதையையும் கண்ணியத்தையும் வளர்ப்பதாக இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொல்கிறது. பரிதாபப் பார்வையில் சுயமரியாதை வளராது. யாருக்குத் தெரிய வேண்டுமோ அவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். பள்ளி வாட்ஸ்அப் குரூப்புக்கு இதில் எந்த வேலையும் இல்லை.

சில பிள்ளைகள் தங்களுக்கு நடந்ததை மற்றப் பிள்ளைகளிடம் பேசுவார்கள், வயதுக்கு மீறிய விளையாட்டு விளையாடப் பார்ப்பார்கள். உடனே மற்றப் பெற்றோர், "அந்தப் பிள்ளையை ஸ்கூலை விட்டு அனுப்புங்க" என்பார்கள். உங்கள் பிள்ளையைக் காக்க நினைப்பது புரிகிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும், "அடுத்தவங்க உடம்பைத் தொடக் கூடாது, வா, இதை விளையாடலாம்" என்று அலட்டிக்கொள்ளாமல் திசைதிருப்புவதும், கவுன்சிலரிடம் தெரிவிப்பதும் பெரும்பாலான நேரங்களில் போதும். தன்னைத்தானே வெட்டிக்கொள்வது, சாவைப் பற்றிப் பேசுவது, நாட்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது போன்றவை வேறு. அவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் கூடவே போங்கள்.

எவ்வளவு நாளாகும்? நேராக ஏறும் பாதை இல்லை இது. நன்றாக இருந்தவள் பூப்பெய்தும் சமயத்தில் மறுபடி உடைவாள், நடந்தது என்னவென்று அப்போதுதான் முழுமையாகப் புரியும். நீதிமன்றத் தேதி நெருங்கினால் தூக்கம் கெடும். முதலில் ஓடிவந்து உதவியவர்கள் அதற்குள் அவரவர் வேலையைப் பார்க்கப் போயிருப்பார்கள். உங்களால் ஒரு மாதம்தான் முடியும் என்றால், முதல் மாதத்தை மற்றவர்களுக்கு விட்டுவிட்டு ஏழாவது மாதம் போங்கள்.

தீர்ப்பு நாளுக்கு மட்டும் முன்கூட்டியே தயாராக வேண்டும். சாட்சியம் போதவில்லை என்று செய்தவர் விடுதலையாவது நடக்கிறது. அதைப் பிள்ளை, "நான் பொய் சொன்னேன்னு ஜட்ஜ் சொல்லிட்டார்" என்றே எடுத்துக்கொள்ளும். தீர்ப்பு எப்படி வந்தாலும் அதை யார் அவளிடம் சொல்வது, எந்த இடத்தில், என்ன வார்த்தைகளில் என்று ஒரு வாரம் முன்பே அம்மாவும் வழக்கறிஞரும் நானும் உட்கார்ந்து பேசிவிடுவோம். "சட்டத்துக்கு வேண்டிய ஆதாரம் போதலன்னு சொல்லியிருக்காங்க. நீ சொன்னதை நாங்க நம்பறோம், அது மாறல" என்பது போல ஏதாவது. டீச்சரிடமும் எதிர்வீட்டிலும் அதே வார்த்தைகளைச் சொல்லி வைத்துவிட்டால், அன்று சாயங்காலம் அவள் எந்தக் கதவைத் தட்டினாலும் ஒரே பதில்தான் கிடைக்கும்.