புல்லரிப்புக்கு 15 விநாடி முன்னால்

கானாடுகாத்தானிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு வளவில் படுத்துக்கொண்டு பழைய பாட்டு கேட்பேன். குறிப்பிட்ட ஓர் இடம் வந்தால் கை மயிரெல்லாம் சிலிர்த்து நிற்கும், சில நாள் கண்ணும் கலங்கிவிடும். அதே பாட்டைப் பகலில் கடையில் கேட்டால் ஒன்றும் ஆவதில்லை. ஏதோ நடமாட்டம் இருக்கு, பாட்டை நிறுத்தப்பா என்கிறார் அப்பத்தா. அப்படி என்னதான் நடக்கிறது?"

பகல், இரவு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். பகலில் ஹாரன், மிக்ஸி, பேச்சுச் சத்தம் எல்லாம் சேர்ந்து பாட்டின் மெல்லிய ஒலிகளை அமுக்கிவிடும். இரவில் தம்புராவின் கார்வையும் பாடுபவர் மூச்சிழுப்பதும்கூடக் காதில் விழும். விழித்துக் களைத்த மூளை சீக்கிரம் இளகுவதும் உண்டு. 2007-இல் வந்த ஓர் ஆய்வில், சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதை உலுக்கும் படங்களைக் காட்டினார்கள். உணர்ச்சியோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற மூளைப் பகுதி, நன்றாகத் தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துடித்தது. அவை படங்கள்தான், பாட்டுக்கும் இது பொருந்தும் என்பது என் ஊகம்.

சரி, சிலிர்ப்புக்கு வருவோம். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு குட்டித் தசை இருக்கிறது. குளிரிலும் பயத்திலும் அதைச் சுண்டியிழுக்கும் அதே நரம்புகள்தான் பாட்டிலும் இழுக்கின்றன. உடம்பில் தெரியும் அறிகுறி ஒன்றே என்பதால் அப்பத்தா பேயைச் சந்தேகித்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நடமாட்டம் மண்டைக்குள்ளே.

கனடாவின் மாண்ட்ரியலில் வலோரி சலீம்பூர், ராபர்ட் ஜட்டோரே குழுவினர் 2011-இல் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. ஒவ்வொருவரும் தன்னைச் சிலிர்க்கவைக்கும் இசையைத் தானே கொண்டுவர வேண்டும்; கேட்கும்போது மூளையை பெட் (PET) ஸ்கேன் எடுப்பார்கள். எடுத்த விதம்தான் அபாரம். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இன்பத்தோடு தொடர்புள்ள டோபமின் என்ற வேதிப்பொருள் வந்து உட்கார மூளையில் இலை போட்ட இடங்கள் உண்டு. ராக்லோபிரைடு என்றொரு பொருள் அழைக்காமலே வந்து அந்த இடங்களில் உட்காரக்கூடியது. அதில் கதிரியக்கக் கார்பன்-11 சேர்த்து ஊசியில் ஏற்றினால், அது எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரியும். பாட்டு உருக்கும்போது நிஜ விருந்தாளியான டோபமின் கூட்டமாக வந்து இடம் பிடித்துவிடுகிறது. ராக்லோபிரைடு நிற்க வேண்டியதுதான். அந்த இடத்தில் சமிக்ஞை மங்குகிறது. எவ்வளவு மங்கியதோ அதை வைத்து டோபமின் வரத்தைக் கணக்கிடலாம். அழையா விருந்தாளிக்குக் கிடைக்காமல் போன இலைகளை எண்ணி மனுஷனின் இன்பத்தை அளக்கிறார்கள்!

பெட் ஸ்கேன் நிதானமானது. எந்த விநாடியில் என்ன நடந்தது என்று சொல்லாது. அதனால் அதே ஆட்களை, விநாடிக் கணக்கில் மூளையைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ கருவியிலும் படுக்கவைத்தார்கள். சிலிர்க்கும் நேரத்தில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற பகுதி வேலை செய்தது. அதற்கு முந்தைய 15 விநாடிகளில் காடேட் என்ற வேறொரு பகுதி. அந்த இரண்டு இடத்திலும் டோபமின் சுரந்திருந்தது. அதாவது, "இதோ வரப்போகிறது" என்ற காத்திருப்புக்கே மூளை தனியாகச் சம்பளம் கொடுக்கிறது.

நூறு முறை கேட்ட பாட்டு ஏன் அலுப்பதில்லை என்பதற்கு இது நல்ல விளக்கம். எந்த இடம் வரும் என்று தெரிந்தால்தானே காத்திருக்க முடியும்? ஆலாபனையில் நாதஸ்வரக்காரர் நிஷாதத்தில் நின்று நின்று மேல் ஷட்ஜத்தைத் தொடாமல் இழுத்தடிப்பாரே, அவருக்கு இது எந்த ஸ்கேனும் இல்லாமலே தெரியும்.

இந்த இன்பத்துக்கு டோபமின்தான் காரணமா, இல்லை வெறும் துணைக்கு வருகிறதா என்று கேட்கலாம். 2019-இல் பார்சிலோனாவில் மருந்து கொடுத்தே பார்த்துவிட்டார்கள். டோபமினைக் கூட்டும் லெவோடோபா எடுத்தபோது இசை இன்பம் கூடியது. டோபமினைத் தடுக்கும் ரிஸ்பெரிடோன் எடுத்தபோது அதே ஆட்களுக்குக் குறைந்தது.

நம் இசைக்கு இப்படிப்பட்ட ஆய்வுகள் சொற்பம். இந்த ராகம் கேட்டால் சர்க்கரை இறங்கும், அந்த ராகம் கேட்டால் மழை வரும் என்ற வீடியோக்களுக்குத்தான் பஞ்சமில்லை. ஆய்வுகள் குறைவாக இருக்கச் செலவும் ஒரு காரணம்: கார்பன்-11 சுமார் 20 நிமிடத்தில் பாதியாகத் தேய்ந்துவிடும் என்பதால், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் ஸ்கேன் அறைக்குப் பக்கத்திலேயே வேண்டும். ஆனால் பணமும் நிலமும் தருகிறவர்கள் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்ச ரூபாயும் கொடுத்ததால்தான் 1948-இல் காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் விழுந்தது. சைக்ளோட்ரான்கூட வேண்டாம். உணர்ச்சி ஏறும்போது விரலில் லேசாக வியர்க்கும். வியர்வையின் உப்பில் மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகப் பாயும். அதை அளக்கும் சின்னக் கருவியை, ராத்திரி சுவாமி புறப்பாட்டுக்கு வந்து மல்லாரி கேட்கிறவர்களின் விரலில் மாட்டிப் பார்க்கலாம். உப்பும் மின்சாரமும் மின்வேதியியல்காரர்களுக்குக் கைவந்த கலைதானே.