குறி தப்புவது கை ஆடுவதால் அல்ல, விரல் அவசரப்படுவதால்

சலூனில் தலைக்குத் தண்ணீர் அடிக்கும் ஸ்ப்ரே போத்தல் ஒன்றை எடுங்கள். பாதிக்குத் தண்ணீர் நிரப்பி, கையை நீட்டி, அதன் மூக்கைச் சுவரில் ஒரு புள்ளிக்கு நேராகப் பிடித்து, விசையைச் சடாரென்று இழுங்கள். மூக்கு கீழே குத்தும், இல்லையென்றால் பக்கவாட்டில் திரும்பும். இப்போது மூன்று விநாடி எடுத்து மெதுவாக அழுத்துங்கள். கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும். 10 மீட்டர் தூரத்து இலக்கைக் காற்றழுத்தக் கைத்துப்பாக்கியால் சுடும் ஏர் பிஸ்டல் போட்டியில் புள்ளிகள் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

எங்கள் திருகோணமலையில் துவக்கு என்றாலே வேறு ஞாபகங்கள் வரும், அது எனக்கும் உண்டு. ஆனால் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் துப்பாக்கி சுடுதலில் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு பிள்ளைகள் இந்த விளையாட்டைப் பற்றி ஆசையோடு கேட்கிறார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: கை ஆடாமல் எப்படிப் பிடிப்பது?

பிடிக்க முடியாது. உள்துறைமுகத்தில் நங்கூரம் போட்ட படகு காற்றில்லாத காலையிலும் லேசாக அசைந்துகொண்டுதான் இருக்கும். இதயத் துடிப்பும் தசை நடுக்கமும் இருக்கும்வரை கையும் அப்படித்தான். அது பெரிய குற்றமும் இல்லை. பிஸ்டல் திரும்பாமல் முழுதாக 5 மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டும் 5 மில்லிமீட்டர்தான் விலகும், இலக்கின் நடுவிலுள்ள பத்தாம் வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர் என்பதால் பத்துப் புள்ளி கையில் இருக்கும். திரும்பினால்தான் ஆபத்து. பிஸ்டலின் மேலே குறிபார்க்க உதவும் முன்முனைக்கும் பின்பள்ளத்துக்கும் இடையே 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள்: அங்கே 1 மில்லிமீட்டர் பிசகினால் 10 மீட்டரில் அது 33 மில்லிமீட்டர், பத்து ஆறாகிவிடும்!

திருப்புவது யார்? விரல். இந்தப் போட்டியில் விசை குறைந்தது 500 கிராம் இழுவையைத் தாங்க வேண்டும், அரைக் கிலோ சீனிப் பொதியின் எடை, அதுவும் ஒற்றைக் கையில். முன்னங்கையை மற்றக் கையால் பிடித்தபடி சுட்டுவிரலை மடக்கிப் பாருங்கள், உள்ளே தசை உருளும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் அடுத்தடுத்து இருக்கின்றன, அதனால் சுட்டுவிரலை வெடுக்கென்று இழுத்தால் மற்ற விரல்களும் கூடவே இறுகி பிஸ்டலைத் திருப்பிவிடும்.

ஏன் வெடுக்கென்று இழுக்கிறோம்? குறி சரியாக வந்த கணத்தில் மனம் "இப்போ!" என்கிறது. கண் பார்த்து விரல் அசைய ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும், அதற்குள் அந்தக் கணம் போய்விடும். பெரிய சத்தமும் உதைப்பும் உள்ள கைத்துப்பாக்கியில் இன்னொரு தொல்லை, உதைப்பை எதிர்பார்த்து மூளை முன்கூட்டியே கையைக் கீழே தள்ளும். அதனால்தான் அசைவை அசைவாக விட்டுவிட்டு, விரலின் நுனிக் கணுவின் சதையால் நேர் பின்னோக்கி, நிறுத்தாமல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எந்தக் கணத்தில் வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியக் கூடாது.

இதைப் பழக குண்டே தேவையில்லை. பயிற்சியாளர் முன்னால், பிஸ்டல் காலி என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, வெறும் வெள்ளைச் சுவரைப் பார்த்து விசையை அழுத்துங்கள். துரத்த இலக்கு இல்லாததால் கண் முன்முனையிலேயே நிற்கும். விசை விழுந்த பிறகும் ஒரு விநாடி கையை இறக்காதீர்கள், அந்த நொடியில் முனை எந்தப் பக்கம் துள்ளியதோ குண்டும் அந்தப் பக்கம்தான் போயிருக்கும்.