ஸ்டார்ட்டருக்குள் ஒரு மறதிக்காரக் காந்தம்

கரன்ட் வந்ததும் மோட்டார் ரூமுக்குப் போய் ஸ்டார்ட்டர் பெட்டியின் பச்சைப் பட்டனை அழுத்துவோம். உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம். உடனே மோட்டார் ஓடும். விரலை எடுத்தாலும் நிற்காது. ஆனால் கரன்ட் போய்த் திரும்ப வந்தால் தானாக ஓடவும் ஓடாது. மறுபடி நாம்தான் எழுந்து போக வேண்டும். இரண்டுக்கும் காரணம் ஒரே ஒரு மின்காந்தம்.

ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றினால் (மெயினை இறக்கிவிட்டுத்தான்!) செம்புக் கம்பி சுற்றிய காயில் ஒன்று தெரியும். கம்பியில் மின்சாரம் ஓடினால் அதைச் சுற்றி வளையமாகக் காந்தப்புலம் உண்டாகும். கோபன்ஹேகனில் 1820-இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட், கம்பிக்குப் பக்கத்தில் இருந்த காந்த ஊசி திரும்புவதைப் பார்த்துக் கண்டுகொண்டது இதைத்தான். ஒற்றைக் கம்பியின் புலம் ரொம்பச் சன்னம். நெருக்கமாக நூற்றுக்கணக்கில் சுற்றினால் எல்லாம் சேர்ந்துகொள்ளும். நடுவில் இரும்பை வைத்தால் பலம் பல மடங்காகிவிடும். இரும்புக்குள் ஏற்கெனவே குட்டிக் குட்டிக் காந்தப் பகுதிகள் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக் கிடக்கின்றன. ஒன்றை ஒன்று சரிக்கட்டிவிடுவதால் வெளியே தெரிவதில்லை. காயிலின் புலம் பட்டதும் அவை ஒரே பக்கம் திரும்பிவிடுகின்றன.

கடினமான எஃகாக இருந்தால் திரும்பியவை அப்படியே நின்று, நிரந்தரக் காந்தமாகிவிடும். ஸ்டார்ட்டருக்கு அது ஆகாது. சிலிக்கான் கலந்த மெல்லிய தகடுகளை அடுக்கித்தான் இந்த இரும்பைச் செய்கிறார்கள். கரன்ட் போனதும் அது கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மறந்துவிடும். மிச்சமிருக்கும் துளிக் காந்தமும் பிடித்து வைக்கக் கூடாது என்று, மூன்று கால் இரும்பில் நடுக்காலை மட்டும் மயிரிழை குட்டையாக விடுவார்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த வேலைப்பாடு அதுதான்.

சரி, பச்சைப் பட்டனுக்கு வருவோம். அழுத்தியதும் காயில் எதிரில் இருக்கும் இரும்பை இழுக்கிறது. அதோடு மோட்டாருக்குக் கரன்ட் கொண்டுபோகும் மூன்று பேஸ் முனைகளும் சேர்கின்றன. கூடவே நான்காவதாக ஒரு சின்ன முனையும். காயிலுக்கு இனி கரன்ட் வருவது அந்த நான்காவது முனை வழியாக. அதாவது, காந்தம் தன் சோற்றைத் தானே பிடித்து வைத்துக்கொள்கிறது. கரன்ட் போனால் ஸ்பிரிங் தள்ளிவிடும், வழி அறுந்துவிடும். மோட்டாரில் யாராவது கை வைத்திருக்கும்போது கரன்ட் வந்தாலும் அது தானாக ஓடிவிடாது.

இன்னொரு சிக்கல். நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருவது. நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும். அப்போதெல்லாம் பிடி நழுவி இரும்பு படபடக்க வேண்டும். படபடக்காமல் காப்பது இரும்பின் முகத்தில் பதித்திருக்கும் ஒரு செப்பு வளையம். அதற்கு எந்த வயரும் போகாது. மாறுகிற காந்தப்புலம் மின்சாரத்தை உண்டாக்கும் என்று 1831-இல் ஃபாரடே கண்டாரே, அதே கதைதான்: வளையத்துக்குள் தானாக மின்சாரம் பிறந்து, சற்றே பின்தங்கி வரும் ஒரு காந்தத்தைத் தருகிறது. முதல் பிடி தளரும் நேரத்தில் இரண்டாவது பிடித்துக்கொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் எங்கள் ஸ்டார்ட்டர் 'கிர்ர்' என்று கத்த ஆரம்பித்தது. திறந்தால், இரும்பின் இரு முகங்களுக்கும் நடுவே நசுங்கிய எறும்புகள். முகங்கள் முழுதாக ஒட்டாதவரை காயில் பல மடங்கு கரன்ட்டை இழுக்கும், சூடேறும். துணியால் துடைத்துப் போட்டதும் சத்தம் நின்றது. ஆனால் காயிலின் வார்னிஷ் அதற்குள் கருகியிருந்தது. அடுத்த கோடையை அது தாண்டவில்லை.