சும்மாடும் ஒரு மண்டையோடும்

எழும்பூர் பாந்தியன் சாலையில், மியூசியத்தை ஒட்டி, காலை வேளையில் ஓர் அம்மாள் கீரைக்கூடையுடன் போவார். தலையில் சும்மாடு, அதன்மேல் கூடை. கைகள் இரண்டும் வீசி நடப்பார். சாலையைக் கடக்கும்முன் இருபுறமும் பார்க்கும்போது கூடையும் தலையோடு திரும்புமே தவிர, சாயாது.

பழக்கத்தால் வந்த திறமைதான். ஆனால் அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுத்திருப்பது மண்டையோட்டின் அடியில் உள்ள பெருந்துளை. மூளையிலிருந்து தண்டுவடம் இறங்கும் வழி அது. நமக்கு அது அடிமண்டையின் ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. அதனால் தலை முதுகெலும்பின் உச்சியில் குடம்போல அமர்ந்திருக்கிறது. சிம்பன்சிக்கு அது பின்னால் தள்ளி இருக்கும். முன்னால் சரியும் தலையை இழுத்துப் பிடிக்கப் பிடரியில் தடித்த தசைகள் வேண்டும். ஆக, கால் எலும்பு ஒன்றுகூடக் கிடைக்காவிட்டாலும், நிமிர்ந்து நடந்த உயிரா என்று மண்டையோட்டைக் கவிழ்த்துப் பார்த்தே ஊகித்துவிடலாம்.

1924-இல் உடற்கூறியல் பேராசிரியர் ரேமண்ட் டார்ட் அதைத்தான் செய்தார். தென்னாப்பிரிக்காவின் டவுங் ஊரில் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடத்திலிருந்து வந்த ஒரு கல்லை, பின்னல் ஊசிகளைக் கொண்டு வாரக்கணக்கில் சுரண்டினார். கல்லுக்குள்ளிருந்து பால்பற்களோடு ஒரு குழந்தை முகம் வெளிவந்தது. 25 லட்சம் ஆண்டுகளுக்கும் மேற்பட்ட முகம். பெருந்துளை முன்தள்ளி இருந்தது, கோரைப்பற்கள் சிறியவை. மண்டைக்குள் படிந்து இறுகிய சுண்ணாம்பு, மூளையின் வடிவத்தை அச்சு வார்த்தாற்போல் வைத்திருந்தது. அந்த மூளையோ ஒரு பெரிய ஆரஞ்சுப்பழ அளவு, சுமார் 400 கன சென்டிமீட்டர்.

நடை மனிதனுடையது, மூளை குரங்கினுடையது! 1925 பிப்ரவரியில் டார்ட் இதை அறிவித்தபோது பெரிய அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. மூளைதான் முதலில் பெருத்திருக்க வேண்டும் என்று அவர்கள் நம்பினார்கள். பெரிய மண்டையும் குரங்குத் தாடையும் கொண்ட, இங்கிலாந்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பில்ட்டவுன் எலும்புகள் அதற்குச் சாட்சியாக இருந்தன. அவை போலி என்று 1953-இல்தான் அம்பலமானது. ஆனாலும் அவர்களின் ஓர் ஆட்சேபத்தை நான் நியாயமானதாகவே கருதுகிறேன்: வாலில்லாக் குரங்குகளின் குட்டிகளுக்கும் பெருந்துளை முன்னால்தான் இருக்கும், வளர வளரத்தான் பின்னால் போகும். அதற்குப் பதில்போல, 1947-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெர்க்ஃபான்டைன் குகையில் அதே இனத்தைச் சேர்ந்த, முழுதாக வளர்ந்த ஒன்றின் மண்டையோடு கிடைத்தது. அதிலும் துளை முன்னால்தான் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் குழந்தையின் பல். முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைத்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு அது ஆறு வயதில் முளைக்கும் என்பதால், இதற்கும் ஆறு என்று முதலில் கணக்கிட்டார்கள். பல்லின் எனாமல் அடுக்கடுக்காக வளர்ந்து, மேற்பரப்பில் நுண்ணிய வரிகளை விட்டுச்செல்கிறது. பின்னாளில் அத்தகைய வரிகளை எண்ணி ஆராய்ந்தபோது வயது மூன்று, நான்குக்குள் அடங்கியது. அந்தக் குழந்தை குரங்குக்குட்டியைப் போல வேகமாக வளர்ந்திருக்கிறது. நீண்ட பிள்ளைப்பருவம் பின்னால் வந்த வரவு. கண்குழிகளில் இருக்கும் கீறல்களை வைத்து, அதைக் கழுகு ஒன்று தூக்கிப் போயிருக்கலாம் என்கிறார்கள். மூன்று வயதுப் பிள்ளை என்று நினைக்கும்போது மனம் கனக்கிறது.

அந்த எழும்பூர் மியூசியத்தில், நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் சேகரித்த கற்கருவிகள் இருக்கின்றன. 1863-இல் பல்லாவரத்தில் கைக்கோடரி கண்டெடுத்தவர் அவர். கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் அவரே கண்டறிந்த அதிராம்பாக்கத்தின் கருவிகள் 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-இல் தெரியவந்தது. விலங்குகளின் பற்கள்கூட அங்கே கிடைத்திருக்கின்றன. கோடரி செய்தவர்களின் எலும்பு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. முழு மண்டையோடு வேண்டாம். ஒரு கடைவாய்ப்பல் கிடைத்தாலும் போதும், கொசஸ்தலை ஆற்றங்கரைப் பிள்ளைகள் எத்தனை காலம் பிள்ளைகளாக இருந்தார்கள் என்று வரிகளை எண்ணிப் பார்க்கலாம்.