இரும்பு நிறைய இருக்கிறது, ரத்தம்தான் இல்லை

“டாக்டரம்மா, ரத்தம் இல்லன்னு எல்லாரும் சொல்றாங்க. நீங்க மட்டும் இரும்பு டானிக்கை நிறுத்தச் சொல்றீங்களே?”

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, ஒருக்களித்துப் படுத்தபடி கேட்டார் அந்த ஐயா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், எழுபதை நெருங்குகிறார். ஒன்றரை வருடமாக இரும்பு மாத்திரை, அதன்மேல் டானிக், வீட்டில் தினமும் முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம். ஹீமோகுளோபின் ஏழரையைத் தாண்டவே இல்லை. மகள் ஒரு மஞ்சப்பை நிறைய ரிப்போர்ட்டுகளோடு வந்திருந்தார். (இவர் ஒரே ஆள் அல்ல. நான் பார்த்த சிலரைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். மஞ்சப்பை மட்டும் எல்லோரிடமும் இருந்தது.)

ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால் விஷயம் அதிலேயே எழுதியிருந்தது. இரும்பு போதாமல் சோகை வந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இவருக்கோ அவை பெருத்திருந்தன, சிவப்பணுவின் சராசரி அளவைக் காட்டும் எம்.சி.வி. நூறுக்கு மேல். உடலில் சேமிப்பில் உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் பல மடங்கு அதிகம். அந்த டெஸ்டை யாரோ ஒருவர் எழுதிக்கொடுத்து எடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்த ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ரத்தத்தையும் மஜ்ஜையையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள். மஜ்ஜை ஸ்லைடு வந்தால், வழக்கமான ஸ்டெய்னோடு (சாயத்தோடு) பெர்ல்ஸ் ஸ்டெய்னும் போடுவோம். 1867-இல் வந்த முறை, இன்றும் அதுதான். இரும்பு இருக்கும் இடமெல்லாம் நீலமாகத் தெரியும். இவருடைய ஸ்லைடில், சிவப்பணுவாக வளரவேண்டிய இளம் செல்களில் உட்கருவைச் சுற்றி நீல மணிகளைக் கோத்து மாலை போட்டதுபோல் இருந்தது. ஐந்து மணிகளாவது இருந்து, உட்கருவின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்காவது வளைத்திருந்தால் அதை ரிங் சிடெரோபிளாஸ்ட் என்று எண்ணுவோம். இவருக்கு வளரும் சிவப்பணுக்களில் பாதிக்கும் மேல் அப்படித்தான்.

அந்த நீல மணிகள் உண்மையில் இரும்பு நிறைந்த மைட்டோகாண்ட்ரியாக்கள், செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் குட்டி உறுப்புகள். இரும்பு உள்ளே வந்துவிட்டது, ஹீமோகுளோபினாக மாறி வெளியேற வழியில்லாமல் அங்கேயே தேங்கி நிற்கிறது. மஜ்ஜையில் செல்கள் கூட்டம் கூட்டமாகப் பிறக்கின்றன, வெளியே வருமுன்னே செத்தும்போகின்றன. உலையில் அரிசி கொதிக்கிறது, இலைக்குச் சோறு வரவில்லை. இந்த நிலையில் டானிக் கொடுப்பது அடைத்துக்கொண்ட சாக்கடையில் இன்னும் தண்ணீர் ஊற்றுவது போலத்தான்.

சரி, அடைப்பு எதனால்? அதற்குப் பதில் கிடைத்தது 2011-இல்தான். அதைச் சொல்ல, கொஞ்சம் இலக்கண வகுப்புக்குப் போய் வரவேண்டும்.

‘செம்பொன்பதின்தொடி’ என்ற உதாரணத்தைத் தமிழ் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘செம்பொன் பதின் தொடி’ என்று பிரித்தால் பத்துத் தொடி பசும்பொன் (தொடி ஒரு பழைய எடை அளவு). ‘செம்பு ஒன்பதின் தொடி’ என்று பிரித்தால் ஒன்பது தொடி செம்பு. எழுத்து ஒன்றும் மாறவில்லை, வெட்டிய இடம் மாறியது, அவ்வளவுதான். பொன் செம்பாகிவிட்டது.

நம் செல்களிலும் இந்தப் பதம் பிரிக்கும் வேலை ஓயாமல் நடக்கிறது. டி.என்.ஏ.வில் உள்ள மரபணு முதலில் ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். அந்தப் படியில் வேண்டிய பகுதிகளுக்கு நடுவே வேண்டாத பகுதிகள் நீளநீளமாகக் கிடக்கும். வேண்டியது எக்ஸான், வேண்டாதது இன்ட்ரான். இன்ட்ரான்களை வெட்டி எறிந்துவிட்டு எக்ஸான்களை ஒட்டினால்தான் புரதம் செய்ய உதவும் வாசகம் கிடைக்கும். இதற்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். தசைக்கு வேண்டிய டிஸ்ட்ரோஃபின் மரபணு இருபது லட்சம் எழுத்துகளுக்கும் மேல். வெட்டி ஒட்டி முடித்தபின் மிஞ்சுவது சுமார் 14,000. நூற்றில் ஒரு பங்குகூட இல்லை!

மரபணு இப்படித் துண்டுதுண்டாக இருக்கிறது என்பதே 1977 வரை யாருக்கும் தெரியாது. சாதாரண சளிக்காய்ச்சல் தரும் அடினோவைரஸை ஆராய்ந்துகொண்டிருந்த ரிச்சர்ட் ராபர்ட்ஸ், ஃபிலிப் ஷார்ப் இருவரின் குழுக்களும் தனித்தனியாக அதைக் கண்டன. 1993-இல் இருவருக்கும் நோபல் பரிசு. வெட்டும் கருவி எது என்பதற்குத் துப்புக் கொடுத்தது ஒரு நோய். லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில், தங்கள் செல்லையே தாக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இருக்கும். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஸ்டைட்ஸும் அவருடைய மாணவர் மைக்கேல் லெர்னரும் அந்தப் புரதங்களைத் தூண்டில்போல் போட்டு, செல்லுக்குள்ளிருந்து குட்டி ஆர்.என்.ஏ.வும் புரதமும் சேர்ந்த துகள்களைப் பிடித்தார்கள். அவற்றில் பல, ஸ்ப்ளைசிங் செய்யும் எந்திரத்தின் பாகங்கள் என்று பிறகு தெரிந்தது. நோயாளியின் ரத்தத்தோடு தினமும் புழங்குகிற எனக்கு, இந்தத் துறையிலேயே மிகப் பிடித்த கதை இது.

இப்போது 2011. மயலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம், சுருக்கமாக எம்.டி.எஸ்., பெரும்பாலும் வயதானவர்களின் மஜ்ஜையில் வரும் ரத்தப் புற்றுநோய் வகை. ஜப்பானில் செய்ஷி ஒகாவா குழுவும் பிரிட்டனில் இன்னொரு குழுவும் எம்.டி.எஸ். நோயாளிகளின் மரபணுக்களை வரிவரியாகப் படித்தார்கள். புற்றுநோய் என்றால் செல் வளர்ச்சியைத் தூண்டும் மரபணுக்கள்தான் கெட்டிருக்கும் என்பது அதுவரையிலான வழக்கமான எதிர்பார்ப்பு. கிடைத்ததோ கத்தரிக்கோல். எஸ்.எஃப்.3பி.1, எஸ்.ஆர்.எஸ்.எஃப்.2, யு.2.ஏ.எஃப்.1, இசட்.ஆர்.எஸ்.ஆர்.2 ஆகிய நான்கும் ஸ்ப்ளைசிங் எந்திரத்தின் பாகங்கள். எம்.டி.எஸ். நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு இவற்றில் ஒன்று கெட்டிருக்கிறது. பெரும்பாலும் ஒரே ஒன்றுதான். இரண்டு சேர்ந்து கெட்டால் செல்லே பிழைப்பதில்லை போலும்.

நீல மாலை போட்ட நோயாளிகளில் பெரும்பாலோருக்குக் கெட்டிருந்தது எஸ்.எஃப்.3பி.1. அதிகம் காணப்படுவது 700-ஆவது இடத்தில் வரும் மாற்றம், லைசினுக்குப் பதில் குளுட்டமிக் அமிலம். இந்தப் புரதத்தின் வேலை, இன்ட்ரானின் கடைசிப் பகுதியில் எங்கே வெட்டவேண்டும் என்று அடையாளம் காட்டுவது. கெட்டுப்போனால் சில எழுத்துகள் முன்னதாகவே வெட்டச் சொல்லிவிடுகிறது. எறியவேண்டிய துணுக்கு ஒன்று வாசகத்தில் ஒட்டிக்கொள்கிறது. பல நேரம் அதனால் நடுவாக்கியத்திலேயே முற்றுப்புள்ளி விழுந்துவிடும். அர்த்தமில்லாத அந்த ஆர்.என்.ஏ.வைச் செல் அழித்துவிடும். அப்படி அழிபவற்றில் ஒன்று ஏ.பி.சி.பி.7 என்ற மரபணுவின் ஆர்.என்.ஏ. மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து இரும்பு சம்பந்தப்பட்ட சரக்கை வெளியே அனுப்பும் வாசல் அது. வாசல் குறைந்தால் இரும்பு உள்ளே தேங்கும். பிறவியிலேயே அந்த மரபணு கெட்ட சில குடும்பங்களிலும் இதே நீல மாலை உண்டு என்பது முன்பே தெரிந்த செய்தி. இப்போது இரண்டும் பொருந்தின.

இதையெல்லாம் பாதி அளவுக்குச் சொன்னபோதே அந்த மகள் கேட்டார்: “மரபணுன்னா, எங்களுக்கும் வருமா மேடம்? என் பையனுக்கு?”

வராது. இது பிறவியில் வந்த பிழை இல்லை, வயதான பிறகு மஜ்ஜையின் ஒரு தாய்ச் செல்லில் தானாக விழுந்த பிழை. அந்தச் செல்லின் வாரிசுகள் மஜ்ஜையைப் பிடித்துக்கொள்கின்றன. அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போகாது. பரம்பரைச் சோகை நோயான தலசீமியாவோடு இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. நம் நாட்டு பீட்டா தலசீமியாவிலும் மிக அதிகமாகக் காணப்படும் மாற்றம் ஸ்ப்ளைசிங் பிழைதான், முதல் இன்ட்ரானின் ஐந்தாவது எழுத்து மாறியிருக்கும். ஆனால் அங்கே கத்தரி சரியாக இருக்கிறது, ஒரு மரபணுவின் வாசகத்தில்தான் எழுத்துப்பிழை. அது பெற்றோரிடமிருந்து வரும். எம்.டி.எஸ்.ஸில் வாசகம் சரி, கத்தரிதான் கோணல். அதனால் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான வாசகங்கள் கெடுகின்றன.

“கேன்சரா?” என்பது அடுத்த கேள்வி. ஆமாம் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அந்த ஒரு சொல்லோடு எழுந்து போகவிடக் கூடாது. எஸ்.எஃப்.3பி.1 மட்டும் கெட்டிருக்கும் எம்.டி.எஸ்., இந்த நோய்க் குடும்பத்திலேயே சாதுவானது. தீவிர ரத்தப் புற்றுநோயான லுகேமியாவாக மாறுவது குறைவு, பலர் வருடக்கணக்கில் வாழ்கிறார்கள். எஸ்.ஆர்.எஸ்.எஃப்.2 கெட்டிருந்தால் கதை வேறு. உலக சுகாதார நிறுவனம் 2022 வகைப்பாட்டில் எஸ்.எஃப்.3பி.1 உள்ள எம்.டி.எஸ்.ஸைத் தனி நோயாகவே பிரித்துவிட்டது. எனவே மரபணு டெஸ்டை ஆடம்பரம் என்று நினைக்காதீர்கள். செலவு பிடிக்கும், உண்மை. ஆனால் நோயின் பெயரும் போக்கும் அதில்தான் இருக்கிறது.

அப்புறம் ஓர் எச்சரிக்கை, இது எங்கள் துறையினருக்கும்தான். நீல மாலையெல்லாம் எம்.டி.எஸ். இல்லை. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் பி6 வைட்டமினை முடக்கி இதே படத்தைக் காட்டும். லினிசோலிட் மருந்தும் குடிப்பழக்கமும் அப்படியே. செம்புச் சத்துக் குறைந்தாலும் வரும். ஜிங்க் மாத்திரையை மாதக்கணக்கில் நிறுத்தாமல் விழுங்கினால் செம்பு குறையும். (பொன் செம்பானது ஒரு பக்கம், செம்பே இல்லாமல் போவது இன்னொரு பக்கம்.) இவையெல்லாம் சரிசெய்யக்கூடியவை. என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் ஸ்லைடை மட்டும் பார்த்து எம்.டி.எஸ். என்று எழுதிய ரிப்போர்ட் ஒன்றை நானே திருத்தியிருக்கிறேன். எழுதியதும் நான்தான்.

சிகிச்சைக்கு வருவோம். பிழை தெரிந்துவிட்டதே, கத்தரியைச் சரிசெய்ய மருந்து இல்லையா? முயன்றார்கள். இ7107 என்ற மருந்து ஸ்ப்ளைசிங் எந்திரத்தையே பிடித்து நிறுத்தும். சில நோயாளிகளுக்குக் கண்பார்வை பாதிக்கவே, சோதனை நிறுத்தப்பட்டது. அடுத்து வந்த எச்3பி-8800 சிலருக்கு ரத்தம் ஏற்றும் தேவையைக் குறைத்ததே தவிர, நோயைப் பின்வாங்க வைக்கவில்லை. எல்லாச் செல்லுக்கும் தேவையான ஒரு கருவியைக் கெட்ட செல்லில் மட்டும் தொடுவது அவ்வளவு சுலபமில்லை.

கைவசம் இருப்பவை வேறு வழியாகப் போகின்றன. ஒன்று, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் ஊசி. இன்னொன்று லஸ்பாடெர்செப்ட், மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடுவது. இது கத்தரியைத் தொடுவதில்லை, சிவப்பணு முதிர்வதைத் தடுக்கும் சைகைகளைத் தணிக்கிறது. 229 பேரிடம் நடந்த ஆய்வில், இந்த ஊசி போட்டவர்களில் 38 சதவீதம் பேர் குறைந்தது எட்டு வாரம் தொடர்ந்து ரத்தம் ஏற்றாமல் இருந்தார்கள். மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் அது 13 சதவீதம். அமெரிக்காவில் 2020-இல் அனுமதி கிடைத்தது. விலை நம்மில் பலருக்கு எட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எட்டாதவர்களுக்கு ரத்தம் ஏற்றுவதுதான் வழி. ஏற்றும் ஒவ்வொரு யூனிட்டிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு சேர்ந்து வருகிறது. உடல் ஒரு நாளில் இழப்பதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மிச்சம் இதயத்திலும் ஈரலிலும் படியும். டானிக்கை நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் இதுவும்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் இரும்பு மாத்திரையைத் தூக்கிப்போட வேண்டாம். நம் ஊரில் சோகைக்கு இரும்புக் குறைபாடு மிகச் சாதாரணமான காரணம், முக்கியமாகப் பெண்களுக்கு. அவர்களுக்கு அந்த மாத்திரைதான் மருந்து. ஆனால் ஓரிரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் பிராண்டை மாற்றாதீர்கள், கேள்வியை மாற்றுங்கள். ஃபெரிட்டின் எவ்வளவு? எம்.சி.வி. எவ்வளவு? பி12 பார்த்தாயிற்றா? ஃபெரிட்டின் உண்மையிலேயே குறைவாக இருந்தால்கூட, வயதானவருக்குக் குடலில் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று பார்க்காமல் விடக்கூடாது.

கண்டக்டர் ஐயாவுக்கு எரித்ரோபொய்ட்டின் கேட்டது. ஹீமோகுளோபின் பத்தைத் தொட்டுத் தொட்டு வருகிறது, மாடிப்படி ஏறுகிறார். போன முறை வந்தபோது, வீட்டில் மீதியிருந்த நாலு பாட்டில் டானிக்கை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“வீணாப் போகுமேன்னு பக்கத்து வீட்டு அக்காவுக்குக் குடுத்துட்டேம்மா. அவங்களுக்கும் ரத்தம் கம்மின்னாங்க.”

அந்த அக்காவை ஒரு ஃபெரிட்டின் எடுத்துவரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.